அந்தக் கேள்விகளை நீங்கள் எழுதாதீர்கள்: அயோவா தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

நடுநிலைப் பள்ளி மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் ஊர்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களில் பலருக்குத் தெரியும். சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் பின்னறையில் பன்னிரண்டு பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்பவள் நான்தான். மதுரையில் ஏழு ஆண்டுகள் வக்கீலாக இருந்தேன். இங்கே வந்தபின் கறுப்பு அங்கி பெட்டிக்குள் போய்விட்டது. இந்த மாநிலத்தில் தொழில் செய்ய எனக்கு உரிமம் கிடையாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் குறுக்கு விசாரணை சொல்லிக்கொடுக்க மட்டும் யாரும் உரிமம் கேட்பதில்லை, அதனால் பிழைத்தேன்.

பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகளை நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள் என்று உங்கள் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். “ஆமாம் அக்கா, சில பேர் அப்படித்தான் செய்கிறார்கள்” என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறீர்கள். அந்தச் சில பேர் யார் என்றுதான் இன்றுவரை பிடிபடவில்லை. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

போன நவம்பரில் நடந்த ஒரு சுற்றைச் சொல்கிறேன். வழக்கின் விவரங்களை மாற்றியிருக்கிறேன்; பையன் யார் என்று தேட வேண்டாம்.

பள்ளி ஆய்வகத்தில் தீப்பிடித்ததற்கு நஷ்டஈடு கேட்டு வழக்கு. எதிரணியில் ஆய்வக உதவியாளராக நடித்த சிறுமி கூண்டில் உட்கார்ந்திருந்தாள். நம் பையன் குறுக்கு விசாரணைக்கு எழுந்தான். கையில் மூன்று பக்கத் தாள். இருபத்திரண்டு கேள்விகள், வரிசை எண்ணோடு, முக்கியமானவற்றின்மேல் மஞ்சள் பூசி. ஏழாம் வகுப்புப் பையன் வாயில் இயல்பாக வராத சொற்கள் முதல் பக்கத்திலேயே நான்கு இருந்தன.

ஒன்பதாவது கேள்வி: “அன்று மாலை ஆய்வகக் கதவைப் பூட்டியது நீங்கள்தானே?”

அந்தச் சிறுமி, பதற்றமோ மறதியோ தெரியவில்லை, “இல்லை, நான் பூட்டவில்லை” என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. போட்டிக்காகக் கொடுத்த வழக்குக் கட்டில் அவளுடைய வாக்குமூலம் இருக்கிறது. அதன் ஐந்தாவது பத்தியில், கதவைப் பூட்டியது தான்தான் என்று எழுதி, கீழே கையெழுத்தும் இருக்கிறது. மதுரையில் ஏழு ஆண்டில் இப்படி ஒரு பதில் எனக்கு நான்கைந்து முறைகூட வாய்த்ததில்லை. கேள்வித்தாளைக் கீழே வைத்துவிட்டு, வாக்குமூலத்தை நீட்டி, “இது உங்கள் கையெழுத்தா? ஐந்தாம் பத்தியை உரக்கப் படியுங்கள்” என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு அந்தச் சாட்சி சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

பையன் தாளைப் பார்த்தான். பத்தாவது கேள்வி: “பூட்டிய பிறகு சாவியை எங்கே வைத்தீர்கள்?”

“பூட்டவே இல்லை என்றுதானே சொன்னேன்?”

அறையில் சிரிப்பு. நீதிபதி நாற்காலியில் இருந்த பெரியவர்கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். பையன் நிமிர்ந்தான். பார்வையாளர் வரிசையில் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தான். அங்கே அவன் அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விசாரணை நடக்கும்போது பார்வையாளர்கள் அணியினருக்கு ஜாடைகூடக் காட்டக் கூடாது என்பது விதி. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்கள்.

அந்தப் பையன் மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் பயிற்சியில் என்னையே கூண்டில் ஏற்றினான். டப்பாவில் இருந்த கடைசி முறுக்கைத் தின்றது யார் என்பது வழக்கு. “உங்கள் கையில் எள் ஒட்டியிருக்கிறது, இல்லையா?” என்று ஆரம்பித்து ஐந்தே கேள்வியில் என்னைக் குற்றவாளியாக்கினான். அன்று அவன் கையில் தாளே இல்லை. என் கையைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டான். போட்டி நாளில் கேள்வியை யோசித்தவர் ஒருவர், பதிலைக் கேட்க வேண்டியவன் இன்னொருவன் என்று ஆகிவிட்டது.

இந்தப் போட்டி என்ன என்று இன்னும் சரியாகப் பிடிபடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பருவத்துக்கு ஒரு கற்பனை வழக்கு. எல்லா அணிகளுக்கும் ஒரே கட்டுத் தாள்: சாட்சிகளின் வாக்குமூலங்கள், சில சான்றாவணங்கள், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயங்கள், சிறுவர்களுக்காகச் சுருக்கிய சாட்சிய விதிகள். அந்தக் கட்டுக்கு வெளியே எந்த உண்மையும் கிடையாது. பிள்ளைகளே வக்கீல்கள், பிள்ளைகளே சாட்சிகள். தொடக்க உரை, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, இறுதி வாதம் என்று நிஜ நீதிமன்றத்தின் வரிசைதான். நேரம் காட்டும் அட்டையை ஒருவர் உயர்த்திக்கொண்டே இருப்பார். உள்ளூர் வக்கீல்களும் நீதிபதிகளும் தங்கள் விடுமுறை நாளைக் கொடுத்து மதிப்பெண் போட வருகிறார்கள். அயோவாவுக்கு இந்த விளையாட்டில் நல்ல பெயர் உண்டு. உயர்நிலைப் பள்ளிகளுக்கான முதல் தேசியப் போட்டி 1984-இல் நம் டி மொயினில்தான் நடந்தது. கல்லூரிகளுக்கான அமைப்பையும் மறு ஆண்டே இங்குள்ள டிரேக் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறைத் தலைவர்தான் தொடங்கிவைத்தார்.

நம்மவர்கள் இதைப் பார்த்ததும் பேச்சுப் போட்டி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்குப் புரிகிறது. நானும் பள்ளியில் அப்பா எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து, மூச்சுவிடாமல் ஒப்பித்துக் குத்துவிளக்கு வாங்கியவள்தான். 1985-இல் பாலு நடராஜன் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியில் வென்ற நாளிலிருந்து இந்நாட்டு இந்தியக் குடும்பங்களுக்கு இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது: பட்டியல் போடு, உட்காரவை, தினமும் இரவு கேள் என்பது. அங்கே அது பலிக்கிறது. ஒரு சொல்லுக்கு எழுத்துக்கூட்டல் ஒன்றுதான். படித்தவனுக்குத் தெரியும், படிக்காதவனுக்குத் தெரியாது. ஆனால் கூண்டில் உட்கார்ந்திருப்பது உயிருள்ள இன்னொரு பிள்ளை. அது என்ன சொல்லும் என்பது அதற்கே தெரியாது. நீங்கள் இரவு பதினோரு மணிக்கு மடிக்கணினியில் தட்டிய பத்தாவது கேள்விக்கு எப்படித் தெரியும்?

எங்கள் சீனியர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். எதிர்த்தரப்புச் சாட்சியின் முதல் விசாரணை தொடங்கியதும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிடுவார். ஜூனியர்களாகிய நாங்கள் பரபரவென்று எழுதிக்கொண்டிருப்போம். அவர் சாட்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் ஊர் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையைச் சாட்சியே பேசுவதுபோல் பதிவுசெய்வார்கள்: ‘நான் அன்று வயலுக்குப் போகவில்லை என்றால் சரியல்ல. எனக்கும் எதிரிக்கும் வரப்புத் தகராறு உண்டு என்றால் சரியல்ல.’ பக்கம் பக்கமாகச் ‘சரியல்ல’ இருக்கும். அத்தனையும் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்த கேள்விகள். நடுவில் எங்காவது ஒரு ‘ஞாபகமில்லை’ வரும். சீனியர் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார்.

இந்தியச் சாட்சியச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு அறுபது. கண்ணால் கண்ட விஷயம் என்றால் கண்டவரே வந்து சொல்ல வேண்டும், காதால் கேட்டது என்றால் கேட்டவரே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 1872-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2024 ஜூலையிலிருந்து அங்கே புதிய சட்டம் வந்துவிட்டது. நான் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறேன், பழகிய வாய். இங்குள்ள பிள்ளைகளுக்குச் செவிவழிச் செய்தி என்றால் என்ன என்பதை அந்தப் பிரிவை வைத்துத்தான் விளக்குகிறேன். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒருவன் வீட்டில் பாட்டி, “நீ பள்ளியில் சாப்பிடுவதே இல்லையாம், உன் தம்பி சொன்னான்” என்றதற்கு ஆட்சேபணை தெரிவித்தானாம். பாட்டி ஆட்சேபணையை நிராகரித்துவிட்டு இன்னொரு தோசை வைத்தாராம். அந்த வீட்டு அம்மா என்னிடம் இதைப் புகாராகச் சொன்னார். நான் அதை வெற்றிக் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது சாட்சி வேடம். இதைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது.

வேடப் பங்கீடு அறிவித்த அன்று இரவு எனக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள் வரும். மூன்றிலும் ஒரே கேள்வி: “எங்கள் பெண்ணுக்குச் சாட்சி வேடம் மட்டும்தானா?” ஏதோ ராஜா ராணி நாடகத்தில் வாயிற்காவலன் வேடம் கொடுத்துவிட்டதுபோல. வக்கீலாக நின்றால்தான் பின்னால் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒருவர் விளக்கினார். அந்தப் பெண்ணுக்குப் பதினொரு வயது. கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது.

சாட்சிக்கும் வக்கீலைப் போலவே தனி மதிப்பெண் உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். வக்கீலாவது தன் கேள்வியைத் தான் தேர்ந்தெடுக்கிறார். சாட்சிக்கு அந்தச் சலுகையும் இல்லை. தன் வாக்குமூலம் முழுவதும் தலையில் இருக்க வேண்டும், எதிரணி எங்கே இழுத்தாலும் அதற்குள்ளேயே நின்று பதில் சொல்ல வேண்டும், கட்டில் இல்லாததைக் கதை கட்டினால் மாட்டிக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் நடுவில் தான் அல்லாத ஒருவராக இருக்க வேண்டும்.

நம் அணியில் ஒரு சிறுமி. வாய் திறந்து பேசி நான் கேட்டது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். அவளுக்கு வயதான துப்புரவுப் பணியாளர் வேடம் வந்தது. இரண்டாவது பயிற்சியில் கூண்டுக்கு நடந்து வந்தபோதே ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரில் இருக்கும் அவளுடைய ஆச்சி அப்படித்தான் உட்காருவாராம். கேள்வி வந்ததும் உடனே பதில் சொல்லமாட்டாள். கேட்டவரை ஒரு கணம் பார்ப்பாள், அப்புறம் சொல்வாள். போட்டியில் எதிரணி வக்கீல் அவளை அவசரப்படுத்தப் பார்த்தான். “தம்பி, நான் முப்பது வருடமாக அந்தத் தரையைத் துடைக்கிறேன். எது ஈரம், எது எண்ணெய் என்று எனக்குத் தெரியும்” என்றாள். முப்பது வருடம், தரை, எண்ணெய், மூன்றுமே வாக்குமூலத்தில் இருப்பவைதான். ‘தம்பி’க்கு அவள் ஆங்கிலத்தில் பிடித்த சொல் மட்டும் அவளுடையது. மதிப்பெண் போட வந்த ஒரு வக்கீலம்மா கடைசியில் அவளைத் தேடி வந்து கைகுலுக்கினார். சிறுமியின் அம்மாவும் வேடப் பங்கீட்டு நாளில் எனக்குத் தொலைபேசியில் அழைத்த மூவரில் ஒருவர் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். அவருக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும் என்று தெரியும்.

காலையில் வாதி தரப்பு, மதியம் பிரதிவாதி தரப்பு என்று ஒரே அணி இரண்டு பக்கமும் வாதாட வேண்டியிருக்கிறது. உங்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பேசக் கற்றுக்கொடுக்கிறீர்களே, பிள்ளைக்கு எது உண்மை என்றே தெரியாமல் போய்விடாதா?” என்று ஒரு தந்தை நேராகவே கேட்டார். அவரை மதிக்கிறேன், சுற்றி வளைக்காமல் கேட்டார். பதிலை என்னைவிட ஒரு எட்டாம் வகுப்புப் பையன் நன்றாகச் சொன்னான். பிரதிவாதிதான் தவறு செய்தவர் என்று உறுதியாக இருந்தவன், மதியம் அவருக்காகவே இறுதி வாதம் பேச வேண்டியிருந்தது. இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு அலைந்தான். பிறகு ஒருநாள், “அத்தை, அவர் தவறு செய்யவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை, இல்லையா? அவர்கள் நிரூபிக்கவில்லை என்று சொன்னால் போதும்தானே?” என்றான். நிரூபிக்கும் சுமை யார் தோளில் என்பதைச் சட்டக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இவனுக்கு நீங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் அவன் அப்பா இறுதி வாதத்தை எழுதிக் கையில் கொடுத்திருந்தால் அதை நன்றாகவே ஒப்பித்திருப்பான். கேள்வி பிறந்திருக்காது.

‘சின்னப் பிள்ளைகள்தானே, தவறிவிடும், அதனால்தான் கைகொடுக்கிறோம்’ என்பீர்கள். இந்த மாநிலத்தில் சின்னப் பிள்ளைகள் நிஜ நீதிமன்றத்துக்கே போயிருக்கிறார்கள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் மஸ்கட்டீன் என்ற ஊர். 1867-இல் சூசன் கிளார்க் என்ற பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுமியை வெள்ளையர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். அவள் தந்தை அலெக்சாண்டர் கிளார்க் முடிதிருத்தும் தொழில் செய்தவர், வழக்குப் போட்டார். மறு ஆண்டு அயோவா உச்ச நீதிமன்றம், நிறத்தைக் காரணம் காட்டித் தனிப் பள்ளிக்கு அனுப்ப முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த இடத்துக்கு வந்து சேர 1954 ஆயிற்று, எண்பத்தாறு ஆண்டு. அந்தத் தந்தை பிறகு தன் ஐம்பதுகளில் சட்டம் படித்து 1884-இல் பட்டமும் வாங்கினார். இதை நான் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருத்தி கேட்டது: “சூசன் என்ன சொன்னாள்?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. வழக்கு அவள் பெயரில் நடந்தது, வாதாடியது பெரியவர்கள்.

அதற்கு அடுத்த நூற்றாண்டில், 1965 டிசம்பரில், டி மொயின் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் படித்த மேரி பெத் டிங்கர் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி, வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு போனாள். இடைநீக்கம் செய்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1969 பிப்ரவரியில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ந்தது. பள்ளி வாசலோடு மாணவரின் பேச்சுரிமை கழன்றுவிடுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் இதே ஊர். அவர்கள் வயதில் ஒருத்தி. தவறட்டும், பரவாயில்லை என்று எனக்குத் தோன்றுவதற்கு அவளும் ஒரு காரணம்.

நம் வீடுகளில் ‘பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே’ என்று வளர்க்கிறோம். நானும்தான். அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தி, நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் நீதிபதியின் முன்னால் எழுந்து ஆட்சேபணை சொல் என்கிறோம். முதல் ஆண்டில் ஒருத்தி எழுந்து, “மன்னிக்க வேண்டும், தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், ஆட்சேபணை” என்றாள். நீதிபதி ஏற்றுக்கொண்டார். உட்கார்ந்தபோது அவள் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது, முகத்தில் இருந்த வெளிச்சமும் தெரிந்தது. இரண்டாவது ஆட்சேபணையில் மன்னிப்பு ஒன்றாகக் குறைந்தது.

மதிப்பெண் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நீதிபதி சொல்வது வேறு, போட்டியில் யார் வென்றார்கள் என்பது வேறு. தீர்ப்பு நம் பக்கம் வந்து, சுற்றில் தோற்பதும் உண்டு. புள்ளிகள் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு மட்டுமே. போன முறை இதைப் புரிந்துகொள்ளாமல் ஒருவர் ஒருங்கிணைப்பாளருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதிவிட்டார், சட்டப் பிரிவுகளையெல்லாம் மேற்கோள் காட்டி. சட்டம் சரியாகத்தான் இருந்தது. அவர் மகன் ஒரு மாதம் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

அந்த ஏழாம் வகுப்புப் பையனைக் கேட்பீர்கள். விலகிவிடுவான் என்று பயந்தேன். ஆகஸ்டில் வந்து நின்றான். இந்த முறை சாட்சி வேடம் வேண்டும் என்றான். ஏன் என்று கேட்டேன். “எனக்குக் கேள்வி கேட்பவன் தாளைப் பார்க்கிறானா, என்னைப் பார்க்கிறானா என்று தெரிந்துகொள்ள வேண்டும்” என்றான். அவன் அப்பாவிடமும் பேசினேன். நல்ல மனிதர். “இரவு முழுக்க உட்கார்ந்து எழுதினேன் அக்கா” என்றார். தெரியும். அந்த இரவை நான் குறை சொல்லவில்லை.

வழக்குக் கட்டு வரும் வாரம் கைக்கு வருகிறது. வந்ததும் அதைப் பிரித்துப் படிக்க உங்கள் கை பரபரக்கும். முதல் வாரம் பிள்ளை படிக்கட்டும். படித்துவிட்டு உங்களிடம் கதை சொல்லும், கேளுங்கள். எங்கே குழம்புகிறதோ அங்கே நீங்களும் குழம்பினால் இன்னும் நல்லது. பயிற்சிக்குச் சாட்சி தேவைப்பட்டால் நீங்கள் கூண்டில் ஏறுங்கள், பிள்ளை உங்களை விசாரிக்கட்டும். தட்டச்சு செய்த கேள்வித்தாளோடு யார் வந்தாலும் வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். போட்டி நாளில் பார்வையாளர் வரிசையில் நாம் எல்லாரும் கடைசி வரிசைதான். நானும் அங்கேதான் உட்காருவேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை அக்கா

பி.கு.: கோட்டு சூட்டு வாங்க வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை போதும். காலுக்குக் கடிக்காத பழைய ஷூவைப் போட்டு அனுப்புங்கள், நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். மதிய உணவுக்குத் தயிர்சாதம் கொடுத்துவிடாதீர்கள். மதியச் சுற்றில் வக்கீல்கள் தூங்குகிறார்கள்.